கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்: செட்டிநாட்டுப் பழைய மரச்சாமான், முதல்முறை வாங்குவோருக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழைய சாமான் கடைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணை இழுப்பது செதுக்கல்தான். யாளி முகம் வைத்த கைப்பிடி, சாய்மானத்தின் உச்சியில் கஜலட்சுமி, நகத்தால் உருண்டையைக் கவ்வி நிற்கும் கால். "நூத்தம்பது வருஷத்துச் சாமான் சார், பர்மா தேக்கு" என்பார் கடைக்காரர். அதில் பாதி உண்மையாக இருக்கலாம். எந்தப் பாதி என்று கண்டுபிடிப்பது வாங்குபவர் வேலை, அதற்கு முன்பக்கம் உதவாது. முன்பக்கம் பார்வைக்கென்று செய்யப்பட்டது. 1890-இலும் அப்படித்தான், போன வருஷமும் அப்படித்தான். அடிப்பாகத்தையும் முதுகையும் மட்டும் யாரும் மினுக்கி வைப்பதில்லை. எனவே இந்த வழிகாட்டி கீழிருந்து மேலே போகிறது.

எந்தக் காலத்துப் பொருள் இவை

1852-இல் நடந்த இரண்டாம் ஆங்கிலேய-பர்மியப் போருக்குப் பிறகு கீழ்பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி கூடியது. விவசாயத்துக்கும் வியாபாரத்துக்கும் கடன் கொடுக்க ரங்கூனிலும் மோல்மீனிலும் ஐராவதிக் கழிமுகத்து ஊர்களிலும் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கடை வைத்தார்கள். அந்த லாபம்தான் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் வீடுகளாக எழுந்தது. தேக்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது; தோதகத்தி (ரோஸ்வுட்) மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வந்தது. வடிவம் விக்டோரியா காலத்து இங்கிலாந்தைப் பார்த்துச் செய்தது, உளி பிடித்தவர் உள்ளூர் ஆசாரி. விக்டோரியா பாணி சோபாவின் நெற்றியில் லட்சுமி உட்கார்ந்திருப்பது இப்படித்தான்.

1930-களின் பொருளாதார மந்தமும் 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்ததும் அந்தப் பணத்தின் ஊற்றை அடைத்துவிட்டன. பிறகு பாகப்பிரிவினை, பராமரிக்க முடியாமல் இடிபட்ட வீடுகள், அங்கிருந்து இந்தத் தெரு.

இதில் வாங்குபவருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பெரிய வீடுகள் மும்முரமாக எழுந்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி 1930-கள் வரை. கடைகளில் கிடைக்கும் நல்ல சாமானில் பெரும்பகுதி 1890-க்கும் 1940-க்கும் இடைப்பட்டது. "19ஆம் நூற்றாண்டு" என்ற சொல் பல நேரம் மரியாதைக்குச் சேர்க்கப்படும் அடைமொழிதான். வளைவுகள் குறைந்து, மூலைகள் மழுங்கி, நேர்க்கோடுகள் அடுக்கடுக்காகத் தெரிந்தால் அது 1930-களின் ஆர்ட் டெக்கோ. அதுவும் நல்ல சாமான்தான். அதற்குரிய விலை கொடுத்தால் போதும்.

செட்டிநாட்டோடு சம்பந்தமில்லாத சரக்கும் இங்கே வரும். சல்லடை போல முழுக்கத் துளைத்துச் செதுக்கிய கருப்பான சோபா பம்பாய் வேலையாக இருக்கலாம். 1851 லண்டன் பொருட்காட்சியில் அந்த வகை வைக்கப்பட்டது. கருங்காலி மேசையில் பல நிற மரத்துண்டுகள் பதித்திருந்தால் இலங்கையின் காலி நகரத்து வேலையா என்று யோசியுங்கள். இலையும் கொடியுமாக, விரல் நுழையும் ஆழத்துக்குக் குடைந்திருந்தால் பர்மியச் சிற்பிகளின் கை. இவற்றுக்கெல்லாம் சந்தை தனி, விலையும் தனி.

பையில் இருக்க வேண்டியவை

டார்ச், அளவு டேப், சின்னக் காந்தம், தையல் ஊசி, கொஞ்சம் பஞ்சு, 50 மில்லி ஸ்பிரிட், வெள்ளைத்துணி ஒரு துண்டு. கூட ஒரு ஆள். தோதகத்தி நாற்காலியைத் தனியாளாகக் கவிழ்க்கப் பார்த்தால் பல் தெறிப்பது சாமானுக்கா உங்களுக்கா என்று சொல்ல முடியாது. கவிழ்க்கும் முன் கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்று சொல்லும் கடையில் நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

மரம் என்ன மரம்

தேக்கைத் தொட்டால் லேசான எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், அடிப்பக்கம் மூக்கை வைத்தால் பதப்படுத்திய தோல் போன்ற வாசம். தோதகத்தி (ஈட்டி என்றும் சொல்வார்கள், கடைகளில் ரோஸ்வுட்) ஊதா கலந்த பழுப்பில் கருங்கோடு ஓடியிருக்கும், கை வைத்தால் குளிர்ச்சியாகக் கனக்கும். ஒரு கன அடி தேக்கு ஏறத்தாழ 18 கிலோ, தோதகத்தி 24 கிலோ. ஒரே அளவு நாற்காலிகள் இரண்டைத் தூக்கிப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

மலிவான மரத்துக்குச் சாயம் ஏற்றி ரோஸ்வுட் என்று விற்பது சாதாரணம். கண்டுபிடிக்க எளிய வழி: பாலிஷ் படாத அடிப்பக்கத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை அரை நிமிடம் அழுத்தித் தேயுங்கள். உண்மையான தோதகத்தியின் சாறு ஸ்பிரிட்டில் கரையும். பஞ்சில் ஊதா கலந்த கறை ஏறும். சாயமும் பஞ்சில் ஏறும் என்பதால் இதோடு நிற்காதீர்கள். ஏற்கெனவே கீறல் விழுந்த இடத்தை டார்ச்சில் பாருங்கள். கீறலுக்குள் வெளிறிய மரம் தெரிந்தால் அது சாயம்.

"பர்மா தேக்கா, நிலம்பூர்த் தேக்கா" என்ற வாதத்தில் இறங்க வேண்டாம். நூறு வருஷம் பழகிய பலகையைக் கண்ணால் பார்த்து இது எந்தக் காட்டு மரம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதைவிடப் பலகையின் அகலத்தை அளந்து பாருங்கள். ஒட்டில்லாத ஒரே பலகையில் இரண்டடிக்கு மேல் அகலமான ஊஞ்சல், ஒரே துண்டில் மேசைப்பரப்பு — அவ்வளவு பருத்த மரம் இன்று எளிதில் கிடைக்காது. அந்தக் காலத்திலும் பணக்காரருக்குத்தான் கிடைத்தது.

கவிழ்த்தபின்

இங்கே ஓர் எச்சரிக்கை. ஐரோப்பியச் சாமான்களுக்காக எழுதப்பட்ட வழிகாட்டிகள், கையால் வெட்டிய புறாவால் இணைப்பு (புறாவின் வால்போல விரிந்த பற்களைக் கோத்துச் சேர்ப்பது) இருந்தால் பழசு, சீராக இருந்தால் இயந்திரம், புதுசு என்று சொல்லும். நம் ஊரில் அந்த அளவுகோல் உடைந்துவிடும். இங்கே ஆசாரிகள் இன்றைக்கும் கையால் புறாவால் வெட்டுகிறார்கள், இழைப்புளி பிடிக்கிறார்கள். ஒற்றைச் சாட்சியை நம்பாமல் நான்கைந்து சாட்சிகள் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பாருங்கள்.

முதல் சாட்சி அறுப்புத் தழும்பு. அடிப்பலகையில் கோடுகள் நேராக, ஆனால் இடைவெளி ஒழுங்கில்லாமல் இருந்தால் இரண்டு ஆள் பிடித்த கைவாள். பிறைப்பிறையாக வளைந்த கோடு வட்டரம்பம், மில்லில் அறுத்தது. அது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் உண்டு, இன்றும் உண்டு. நெருக்கமாக, ஒரே இடைவெளியில் நேர்க்கோடுகள் என்றால் பட்டைரம்பம்.

அடுத்து திருகாணி. ஒன்றைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நுனி மொட்டையாக, தலையின் காடி நடுவில் இல்லாமல் சற்று விலகியிருந்தால் 1850-க்கு முந்தையதாக இருக்கலாம். கூர்நுனித் திருகாணி அதற்குப் பின்னர்தான் பரவியது. நான்குமுனைக் காடி இருந்தால் 1930-களுக்குப் பிறகு யாரோ கை வைத்திருக்கிறார்கள். அதற்காகச் சாமானே புதுசு என்று முடிவுகட்ட வேண்டாம், அந்த இடத்தில் என்ன பழுது பார்த்தார்கள் என்று கேளுங்கள். துளையைச் சுற்றி மரம் கறுத்திருந்தால் அந்த இரும்பு நெடுங்காலம் அங்கேயே இருந்தது என்று அர்த்தம். பழைய தோற்றமுள்ள திருகாணியைச் சுற்றி மரம் பளிச்சென்று இருந்தால் வேறொரு சாமானிலிருந்து பிடுங்கி வைத்தது.

மூன்றாவது, சுருக்கம். மரம் நீளவாக்கில் ஏறக்குறையச் சுருங்காது, குறுக்குவாக்கில் சுருங்கும். வட்ட மேசையை நார் ஓடும் திசையில் ஒருமுறை, அதற்குக் குறுக்கே ஒருமுறை அளந்து பாருங்கள். பழைய வட்டம் சில மில்லிமீட்டராவது நீள்வட்டமாகியிருக்கும். இரண்டு அளவும் துல்லியமாக ஒன்றாக இருந்தால் சந்தேகப்படலாம். கடைந்த கால்களுக்கும் இதே சோதனை செல்லும்.

நான்காவது, தேய்மானம். கை ஊன்றும் இடம், கால் வைக்கும் குறுக்குச்சட்டத்தின் மேல்விளிம்பு, இழுப்பறை ஓடும் தடம், பின்கால்களின் அடிமுனை. இவை மனிதர் பயன்படுத்தியதால் தேய்பவை. தேய்வு ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவும் இருக்கும். எல்லா விளிம்பும் சமமாக மழுங்கியிருந்தால் உப்புத்தாள் வேலை. நிறத்திலும் இப்படித்தான். காற்றுப் படும் இடம் கறுத்தும், இழுப்பறைக்குள் மூடியே கிடந்த இடம் வெளிறியும் இருக்க வேண்டும். உள்ளும் புறமும் ஒரே பழுப்பாக இருந்தால் டீ டிக்காஷனோ சுண்ணாம்போ ஷூ பாலிஷோ பூசியிருக்கிறார்கள்.

நகரத்தார் வீட்டுச் சாமான்களில் இன்னொன்றையும் தேடுங்கள்: விலாசம். குடும்பத்தின் முன்னெழுத்துகளைப் பாத்திரத்தில் வெட்டிவைக்கும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. பெட்டகத்தின் மூடிக்குள்ளோ சட்டத்தின் அடியிலோ அதுபோல வெட்டிய எழுத்துகள் கண்ணில் பட்டால் வந்த வீட்டுக்கு ஒரு துப்பு கிடைத்தது. ஒரு சோபாவும் அதோடு "சேர்ந்த" நாற்காலிகளும் என்று விற்கும்போது எல்லாவற்றிலும் ஒரே எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

செதுக்கலைப் படிப்பது

இதில்தான் அந்தக் காலத்துப் பணம் தெரிகிறது, இதில்தான் இந்தக் காலத்து ஏமாற்றும் நடக்கிறது.

முதலில், செதுக்கல் மரத்திலேயே எழுந்ததா, தனியாகச் செய்து ஒட்டியதா? இரண்டங்குலம் எழும்பி நிற்கும் இலை வேண்டுமென்றால் ஆசாரி நான்கங்குலக் கட்டையை எடுத்து, இலையைத் தவிர மீதி அத்தனையையும் சீவி எறிய வேண்டும். குப்பைக்குப் போகும் அந்தத் தேக்குக்கும் வீட்டுக்காரர்தான் காசு கொடுத்தார். செல்வத்தின் அளவு அந்தச் சீவலில்தான் இருக்கிறது என்று சொன்னாலும் தப்பில்லை. ஒட்டிய செதுக்கலுக்கு இவ்வளவு மரம் தேவையில்லை. அதைக் கண்டுபிடிக்க நார் ஓட்டத்தைப் பின்தொடருங்கள். கட்டையிலிருந்து பூவுக்குள் நார் தொடர்ந்து ஓடினால் ஒரே மரம். பூவின் அடியில் மெல்லிய கோடு தெரிந்து நார் வேறு திசைக்குப் போனால் ஒட்டு. அந்தக் காலத்திலேயே ஒட்டியவையும் உண்டு. குற்றமில்லை, விலை குறைய வேண்டும்.

இரண்டாவது, கை உளியா, கணினி இயந்திரமா? கணினி இயந்திரத்தின் வெட்டுமுனை உருண்டையாகச் சுழல்வது. பள்ளங்களின் அடி எப்போதும் வளைந்தே இருக்கும். கூர்மையான மூலைக்குள் அதால் போக முடியாது. நகத்தை ஓட்டிப் பார்த்தால் ஒரே சீரான நுண்ணிய அலைகள் தட்டும். கை உளியின் பள்ளம் கூராக முடியும், பின்புலத்தில் ஒழுங்கற்ற வெட்டுத் தழும்போ புள்ளி அடித்த தடமோ இருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் இரண்டும் நன்றாகத் தெரியும்.

மூன்றாவது, இடது வலது. இரண்டு கைப்பிடியிலும் இருக்கும் யாளி முகங்களை மாறிமாறிப் பாருங்கள். கைவேலையில் ஒரு யாளிக்குக் கண் கொஞ்சம் பெருத்திருக்கும், மற்றதற்கு மூக்கு சற்று ஏறியிருக்கும். கண்ணாடிப் பிம்பம் போல அச்சாக ஒத்துப்போனால் இயந்திரம்.

நான்காவது, குடைவு. இலையின் பின்புறம் விரலை நுழைத்துப் பாருங்கள். நல்ல ஆசாரி இலையின் அடியையும் குடைந்து, அது கிளையிலிருந்து விலகி நிற்பதுபோலச் செய்திருப்பார். மேல்முகம் மட்டும் வேலைப்பாடு, பின்னால் செங்குத்துச் சுவர் என்றால் அவசர வேலை.

ஜாவாவின் ஜெப்பாராவிலிருந்து விக்டோரியா பாணிச் சாமான்கள் கப்பல் கப்பலாக உலகச் சந்தைக்குப் போகின்றன. கைவேலைதான், மோசமும் இல்லை. ஆனால் பெரும்பாலும் மகோகனி; தேக்கின் பிசுக்கும் வாசமும் இருக்காது.

கலவைச் சாமான்

இடிந்த வீட்டுக் கதவு நிலை கண்ணாடிச் சட்டமாகும், தூணின் போதிகை (உச்சிக்கட்டை) மேசைக்காலாகும், உடைந்த இரண்டு கட்டில்கள் சேர்ந்து ஒரு சோபாவாகும். அழகாகவே இருக்கும், மரமும் பழசுதான். ஆனால் அது பழைய மரத்தில் செய்த புதுச் சாமான். அந்த விலைக்குத்தான் பேச வேண்டும். தேவையில்லாத இடத்தில் அடைத்த துளைகள், கீல் இருந்த பள்ளம், பாதியில் வெட்டுப்பட்ட செதுக்கல், மேலும் கீழும் வேறு வேறு அறுப்புத் தழும்பு — இவை காட்டிக்கொடுக்கும்.

மெத்தை வைத்த நாற்காலியின் சட்டத்தில் துணிக்கடியில் வரிசையாகச் சிறுதுளைகள் தட்டுப்பட்டால் அது முதலில் பிரம்பு பின்னிய நாற்காலி. பின்னலைத் திரும்பப் போட்டால் சாமானின் முகமே மாறிவிடும். நம் வெயிலுக்கும் அதுதான் சரி.

பித்தளைக் குமிழில் காந்தம் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. "பெல்ஜியம் கண்ணாடி" என்றால் விளிம்புச் சரிவைத் தடவுங்கள். பழைய கைச்சரிவு அகலமாகவும் மென்மையாகவும் இறங்கும். புதியது செங்குத்தாக, விரலில் தட்டும். பழைய கண்ணாடியின் முதுகுப் பூச்சைச் சுரண்ட வேண்டாம். 19ஆம் நூற்றாண்டின் கண்ணாடிகளில் தகரமும் பாதரசமும் சேர்ந்த பூச்சும் உண்டு, அது நஞ்சு.

பூச்சி

சிறு துளைகளைக் கண்டதும் ஓட வேண்டியதில்லை. வைரம் பாயாத வெள்ளைப் பகுதியில்தான் வண்டு பெரும்பாலும் துளைக்கும். தேக்கின் வைரத்தை அது அதிகம் நெருங்குவதில்லை. தெரிய வேண்டியது, உள்ளே உயிர் இருக்கிறதா என்பது. துளையின் விளிம்பு வெளிறியும், கீழே மாவு புதிதாக உதிர்ந்தும் இருந்தால் இருக்கிறது. சந்தேகமென்றால் வாங்கியபின் தனியறையில் கறுப்புத்தாளின் மேல் இரண்டு வாரம் நிறுத்திவையுங்கள். மாவு விழுந்தால் மரப்பூச்சி மருந்தை ஊசிக்குழலால் ஒவ்வொரு துளையிலும் செலுத்தி, வாரம் ஒன்று விட்டு மூன்று முறை செய்ய வேண்டும். பாலிஷுக்கு முன்னால் செய்யுங்கள். பாலிஷ் மூடிய மரத்தில் மருந்து இறங்காது.

போலித் துளையும் உண்டு. ஊசியை விட்டுப் பாருங்கள். வண்டு போன வழி உள்ளே வளையும், ஊசி நிற்கும். நேராக ஒரே ஆழம் போனால் துளைக்கருவி.

வீட்டுக்குள் நுழையுமா

காரைக்குடி வீட்டு முகப்பில் பொம்மை போல இருந்த அலமாரி அடுக்கக வீட்டில் சுவரை அடைத்துவிடும். முன்பணம் கொடுக்கும் முன் வாசல், படிக்கட்டுத் திருப்பம், லிஃப்ட் மூன்றையும் அளந்துவிட்டுப் போங்கள். வாசலில் உயரமும் அகலமும் மட்டும் அளந்தால் போதாது. சாமான் சாய்ந்து நுழைய மூலைவிட்டமும் வேண்டும். பெரிய அலமாரிகள் பல, தலைப்பகுதி, உடல், பீடம் என்று மூன்றாகக் கழலும்; ஆப்பைத் தட்டிக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பழைய கட்டில் இன்றைய மெத்தை அளவோடு சேராது. சட்டத்தின் உள் அளவை எடுத்து மெத்தையைத் தனியாகத் தைக்கக் கொடுங்கள். மெத்தைக்காகச் சட்டத்தை வெட்டியவர்கள் உண்டு. அப்படி வெட்டிய கட்டிலைப் பிறகு யாரும் நல்ல விலைக்கு எடுப்பதில்லை.

சுத்தம் செய்வது: முதலில் குறைவாக

கடையிலேயே "கழுவி, பாலிஷ் போட்டுத் தருகிறோம்" என்பார்கள். ஏற்க வேண்டாம். பல பட்டறைகளில் காஸ்டிக் சோடாத் தொட்டிதான் கழுவும் முறை. தேக்கு கறுத்துப்போகும், தோதகத்தியின் ஊதா செத்துவிடும், இணைப்புகளில் இருக்கும் பழைய வஜ்ஜிரம் (தோல், எலும்பைக் காய்ச்சி எடுக்கும் பசை) கரைந்து நாற்காலி ஆட ஆரம்பிக்கும். இருக்கிறபடியே வாங்கி வாருங்கள்.

முதல் நாள் உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் செதுக்கல் இடுக்குகளின் தூசியைத் தட்டுங்கள். பிறகு வெதுவெதுப்பான ஒரு லிட்டர் தண்ணீரில் சில துளி மென்சோப்பு, நன்றாகப் பிழிந்த துணி, மறைவான இடத்தில் முதல் சோதனை. ஒரு கையகலம் துடைத்ததும் உடனே உலர்துணியால் ஒற்றிவிடுங்கள். பித்தளைக்குப் புளி நல்லதுதான், ஆனால் குமிழைக் கழற்றித் தனியாகத் தேயுங்கள். மரத்தில் இருக்கும்போதே தேய்த்தால் புளிச்சாறு கசிந்து அழியாத கறையாகும். தேங்காயெண்ணெய் எப்போதும் வேண்டாம். பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும், நாறும்.

பல நேரம் இதோடு தேன்மெழுகு பூசினாலே போதும். 100 கிராம் தேன்மெழுகைச் சீவி, சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த கிண்ணத்தில் உருக்கி, அடுப்பை அணைத்தபின் 250 மில்லி டர்பன்டைன் கலக்குங்கள். நெருப்பு எரியும்போது கலந்தால் தீப்பிடிக்கும். ஆறிய விழுதை மெல்லியதாகப் பூசி, அரைமணி கழித்துத் தேயுங்கள்.

அரக்குப் பாலிஷ்

மேலே இருக்கும் பூச்சு என்னவென்று தெரிய, மறைவிடத்தில் ஸ்பிரிட் பஞ்சை வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு, அசையாவிட்டால் மெலமின் அல்லது பியு (பாலியூரித்தேன்) என்ற இக்காலச் செயற்கைப் பூச்சு. பழைய அரக்கைச் சுரண்ட வேண்டியதில்லை, அதன் மேலேயே புது அரக்கு கரைந்து ஒட்டும். அரக்கின் பெருமையே அதுதான். மெலமின் போட்டால் இன்னொரு முறை சரிசெய்ய மொத்தமாக உரிக்க வேண்டியிருக்கும்.

அளவு: ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 கிராம் அவலரக்கு (அவல்போல் மெல்லிய அரக்குச் சில்லு). கண்ணாடி ஜாடியில் போட்டு ஒரு இரவு விடுங்கள், அடிக்கடி குலுக்குங்கள், மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். இரும்புப் பாத்திரம் கூடாது; அரக்கு கறுத்துவிடும். கரைத்து ஆறு மாதம் தாண்டினால் கொட்டிவிடுங்கள், சரியாக இறுகாது.

1. சன்னல் திறந்த அறை, அருகில் நெருப்பு இல்லை, மழையில்லாத நாள்.
2. எலுமிச்சை அளவு பஞ்சை அரக்கில் நனைத்துப் பிழிந்து, பழைய பருத்தித் துணியில் சுருக்கமில்லாமல் கட்டுங்கள். அழுத்தினால் ஈரம் கசிய வேண்டும், சொட்டக்கூடாது.
3. நார் ஓட்டத்தோடு ஒரே இழுப்பில் ஓட்டுங்கள். பிறகு சிறு வட்டம், பிறகு எட்டுப்போல. பரப்பின் மேல் கையை நிறுத்தவே கூடாது. நின்ற இடத்தில் துணி ஒட்டிப் பூச்சைப் பிய்க்கும்.
4. துணி இழுபட ஆரம்பித்தால் ஒரு துளி ஆளிவிதை எண்ணெய். ஒரு துளிதான்.
5. ஒரு மணி இடைவெளியில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு பூச்சு, மூன்று நாள். பிறகு ஒரு வாரம் தொடாதீர்கள்.

செதுக்கலில் இதே கரைசலுக்குச் சம அளவு ஸ்பிரிட் சேர்த்து, மென்பிரஷ்ஷால் ஒன்றிரண்டு முறை மட்டும். அடர்த்தியாகப் பூசினால் அரக்கு இடுக்குகளில் தேங்கி, ஆசாரி கூராக வெட்டிய இடமெல்லாம் மொழுமொழுவென்றாகிவிடும்.

பாலிஷ் வெண்புகை படிந்தது போலானால் காரணம் ஈரக்காற்று. ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து நீர் படிகிறது. உலர்ந்த நாளில் ஸ்பிரிட் மிகக் குறைவாகத் தொட்ட துணியை லேசாக ஓட்டினால் போகும். சூடான டம்ளர் வைத்த வெள்ளை வளையத்துக்கும் இதே வைத்தியம்.

ஆடும் கால், தொய்ந்த பிரம்பு

ஆடும் இணைப்பில் ஆணி அடிப்பது பெரிய பாவம். மரம் பிளக்கும், அடுத்த ஆசாரி உங்களைச் சபிப்பார். இணைப்பைப் பிரித்து, பழைய வஜ்ஜிரத்தை வெந்நீர்த் துணியால் ஊறவைத்துச் சுரண்டி எடுங்கள். புது வஜ்ஜிரத்தை ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீரில் இரவு ஊறவைத்து, மறுநாள் சுடுநீர்ப் பாத்திரத்தில் 60 டிகிரி அளவில் உருக்குங்கள். கொதித்தால் வலு போய்விடும். பூசி, கயிற்றால் முறுக்கிக் கட்டி, ஒரு நாள் விடுங்கள். வெள்ளைப் பசையும் ஒட்டும்தான், ஆனால் அடுத்தமுறை பிரிக்கும்போது மரத்தையும் சேர்த்துப் பிய்க்கும்.

தொய்ந்த பிரம்பை உடனே மாற்ற வேண்டாம். அடிப்புறத்தை வெந்நீர்த் துணியால் நனைத்து, இரவு முழுக்கக் காயவிடுங்கள், காயும்போது இழுத்துக்கொள்ளும். இழை அறுந்திருந்தால்தான் புதுப்பின்னல். துளைகளின் இடைவெளி முக்கால் அங்குலம் என்றால் 3 மில்லிமீட்டர் பிரம்பு, அரை அங்குலம் என்றால் இரண்டேகால். வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்துப் பின்னுவார்கள். நெடுக்கு, குறுக்கு, மறுபடி நெடுக்கு, மறுபடி குறுக்கு, இரண்டு மூலைவாட்டம், கடைசியில் விளிம்புக்கட்டு என ஏழு சுற்று. மூலைவாட்டத்தை விட்டு நான்கு சுற்றில் முடித்தது மலிவு வேலை; சீக்கிரமே தொய்ந்துவிடும்.

ஊஞ்சல் தொங்கவிடும் முன்

பழைய வீட்டில் ஊஞ்சல் உத்தரத்தில் தொங்கியது. அடுக்ககத்தில் தளக்கூரையில் துளையிட்டு விரிபோல்ட் (துளைக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட்) மட்டும் அடித்தால், ஆட ஆட அது தளரும். கான்கிரீட் உத்தரத்தில் மாட்டுங்கள், அல்லது தளத்தை ஊடுருவும் போல்ட்டுக்கு மேலே இரும்புத்தகடு வையுங்கள். எதுவானாலும் கட்டடப் பொறியாளர் ஒருவர் பார்க்கட்டும். இருவர் உட்கார்ந்தால் 150 கிலோ. ஆடும்போது இழுப்பு அதைவிடக் கூடும். மொத்தம் 500 கிலோ தாங்கும்படி வைப்பது நல்லது. சங்கிலிக் கண்ணிகள் உரசும் இடத்தில் கண்ணுக்குத் தெரியும்படி தேய்ந்து கனம் குறைந்திருந்தால் கண்ணியை மாற்றிவிடுங்கள்.

வெளிநாட்டுக்கு எடுத்துப்போவோர்

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டு கடந்த கலை, கைவினைப் பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. அதற்கு இளைய சாமான் என்றால் தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற வேண்டும். கடைக்காரர் ரசீதில் "150 வருடப் பழமை" என்று பெருமையாக எழுதிக் கொடுத்தால் அந்தக் காகிதமே சுங்கத்தில் உங்களை மாட்டிவிடும். தோதகத்தி இனம் சர்வதேச வனஉயிரி வணிக ஒப்பந்தமான சைட்டிஸ் பட்டியலில் இருப்பதால் அதற்குத் தனி அனுமதி தேவைப்படும். தந்தம் பதித்த பெட்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதீர்கள். உள்நாட்டிலேயே அதை வாங்குவதும் விற்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.